மகாராணியின் கக்கூஸ் சாவி

ஆக்லாந்தில் குடியுரிமை வாங்கிய அன்று நான் சிரித்துவிட்டேன். நகரசபை மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் எழுந்து நின்று, மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்போம் என்று அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாதி உறுதிமொழியில் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தேன். மூக்கு வழியாக வந்தது. பக்கத்தில் நின்ற என் மகள் முழங்கையால் இடித்தாள். மேடையிலிருந்த அதிகாரி, பாவம், நான் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறேன் என்று நினைத்து, முடிந்ததும் இறங்கி வந்து தோளில் தட்டிக் கொடுத்தார்.

நான் வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில், அரச குடும்பத்தில் யாராவது வருகிறார்கள் என்று செய்தித்தாளில் வந்தால் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டைதான். இவர்கள் வந்துபோகிற செலவு யாருடையது, நாம் ஏன் கொடுக்க வேண்டும், கணக்கு எங்கே என்று ஒரு பக்கம். வந்தால் நாட்டுக்குப் பெருமைதானே என்று இன்னொரு பக்கம். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஓர் அறையின் கதை. அந்த அறைக்குப் பத்து வருடம் பொறுப்பாளியாக இருந்தவள் நான்.

அப்போது நான் ஃபிஜித் தீவில், லவுத்தோக்காவில் ஒரு அரசாங்க இலாகாவில் கிளார்க். இலாகாவின் பெயர் வேண்டாம். ரோடு போடுகிற, பாலம் கட்டுகிற இலாகா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு நடபுவாவில். கணவருக்கு ரேடியோ பழுது பார்க்கும் தொழில். எங்கள் கிளை அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். எழுத்து எல்லாம் இங்கிலீஷில், பேச்சு எல்லாம் ஹிந்தியில். தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நானும் பெரிய கிளார்க்கும். என்னுடையது கோயில் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்த தமிழ். அவருடையது தவுவாப் பக்கத்துக் கரும்புத் தோட்டத் தமிழ். மற்றவர்கள் காதில் விழக்கூடாத விஷயத்துக்கு மட்டும் அவர் தமிழை எடுப்பார். அதனால் அவர் வாயில் தமிழ் வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

மகாராணி கப்பலில் லவுத்தோக்காவுக்கு வந்து, அங்கிருந்து காரில் தவுவா வரை போய், பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக முடிவாகியிருந்தது. அந்த நாள் ரோட்டில் அது நீண்ட, எலும்பை ஆட்டுகிற பயணம். தலைநகர் சுவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழியில் ஓர் ஓய்வு வசதி, ஒருவேளை தேவைப்படுமானால், என்று அதில் எழுதியிருந்தது. தேவைப்படுமா என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. கேட்பதே மரியாதைக் குறைவு. ஆகவே கட்டிவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

பெரிய கிளார்க் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஓய்வுன்னா என்னன்னு தெரியுதாம்மா ஒனக்கு?"

"தெரியுது அண்ணே."

"தெரிஞ்சா போதும். டைப் அடிக்கும்போது வசதின்னு மட்டும் போடு. கக்கூஸுன்னு எங்கயும் வரக்கூடாது."

எங்கேயும் வரவில்லை. பத்து வருடத்தில் அந்த பைல் ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்தது. அதில் ஒரு தாளிலாவது அந்தச் சொல் கிடையாது.

தவுவாவுக்குச் சற்று முன்னால், ஒரு பஸ் நிற்குமிடத்தின் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். எதிரே ஒரு கரும்பு விவசாயியின் தகர வீடு, மற்றபடி மூன்று பக்கமும் கரும்பு. ரோஜா நிறச் சுவர், சிவப்புக் கூரை, உள்ளே வெள்ளை ஓடு. ஆசனம் கடல் கடந்து வந்தது, மெருகேற்றிய மரம், மூடியோடு. கண்ணாடி ஒன்று, துண்டு இரண்டு, வாசனைச் சோப்பு ஒன்று, பிரஷ் ஒன்று. எல்லாவற்றையும் நான்தான் பட்டியலில் டைப் அடித்தேன். எங்கள் நடபுவா வீட்டில் அப்போது மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போக வேண்டும். அந்த அறையை முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எந்தக் கட்டடத்தையும் சோதிக்காமல் ஒப்படைக்கக் கூடாது என்பது இலாகா விதி. ஆனால் மகாராணி உட்கார வேண்டிய இடத்தில் அதற்கு முன் வேறொருவர் உட்காரக் கூடாது என்று ஓவர்சியருக்குத் தோன்றிவிட்டது. அது எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. சர்க்கரை ஆலையிலிருந்து ஒரு மூட்டை சர்க்கரை வரவழைத்தார்கள். மகாராணியின் எடை யாருக்கும் தெரியாது, எழுதிக் கேட்கவும் முடியாது. பெரிய கிளார்க் செய்தித்தாளில் வந்திருந்த படத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மூட்டையில் கொஞ்சம் கொட்டிவிடச் சொன்னார். மூட்டை அரை மணி நேரம் ஆசனத்தில் வீற்றிருந்தது. ஆசனம் தாங்கியது. ஓவர்சியர் சங்கிலியை இழுத்தார். தண்ணீர் நல்ல சத்தத்தோடு போனது. நாங்கள் வெளியே வரிசையாக நின்று கைதட்டினோம்.

மறுநாள் எறும்பு வந்தது. மூட்டையிலிருந்து சிந்திய சர்க்கரை ஆசனத்தின் கீல்களுக்குள் புகுந்திருந்தது. எங்கள் பக்கத்துச் சிற்றெறும்புக்குச் சர்க்கரை வாசனை காட்டிவிட்டால் பிறகு அதைக் கிளப்ப முடியாது. மகாராணி வர ஒன்பது நாள் இருந்தது. நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எறும்பு போனது, மண்ணெண்ணெய் நாற்றம் போகவில்லை. பெரிய கிளார்க் கையைப் பிசைந்தார். பிறகு தன் வீட்டுப் பூஜை அறையிலிருந்து ஊதுபத்திக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, காலையும் மாலையும் ஏற்ற ஏற்பாடு செய்தார். நான்கு நாளில் அந்த இடம் சந்தன வாசனையில் மிதந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கரும்புக் காட்டு ஓரத்தில் புதிதாக ஒரு சின்னக் கட்டடம், சிவப்புக் கூரை, பூட்டிய கதவு, உள்ளிருந்து ஊதுபத்தி. ஆபீஸ் ஆட்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். ஓடு அழுக்காகக் கூடாதே என்று நாங்கள் கழற்றினோம். எதிர்வீட்டு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்க் குடும்பம், தோட்டம் வைத்திருப்பவர்கள், தீமிதிக்கு முதல் ஆளாக நிற்கிற அம்மா. ஐந்தாம் நாள் காலையில் படியில் செம்பருத்திப் பூ இருந்தது. ஆறாம் நாள் ஒரு தேங்காய் மூடி.

நானும் பெரிய கிளார்க்கும் போய் இறங்கியபோது அக்கா வேலியோரம் நின்றிருந்தார்.

"உள்ள எந்த அம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

பெரிய கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னும் வரல" என்றார் அவர்.

"எப்ப வராங்க?"

"அடுத்த புதன்கிழமை."

"அப்ப சொல்லி அனுப்புங்க. பொங்க வைக்கிறேன்."

இரண்டு நாள் கழித்து உண்மை தெரிந்ததும் அக்கா பூவைத் தானே எடுத்துக் கரும்பு ஓரத்தில் போட்டார். எங்களைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மா வந்தாச்சா?" என்று கேட்பார். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. பத்து வருடம் அதையேதான் கேட்டார்.

புதன்கிழமை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் காலை ஏழு மணியிலிருந்து காகிதக் கொடியோடு வெயிலில் நின்றார்கள். வசதியின் வாசலில் நானும் பெரிய கிளார்க்கும் ஓவர்சியரும். என் கையில் சாவி. கறுப்புக் கார் வளைவில் திரும்பியது, தண்டவாளத்தைத் தாண்டுவதற்காக வேகத்தைக் குறைத்தது. கரும்பு ரயில் போகிற தண்டவாளம் அது, யாராயிருந்தாலும் அங்கே குறைத்துத்தான் ஆக வேண்டும்.

"நிக்குது" என்றார் பெரிய கிளார்க், மூச்சே விடாமல்.

நிற்கவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை அசைந்தது. பாதி எங்களைப் பார்த்து, பாதி கட்டடத்தைப் பார்த்து அசைந்த மாதிரி இருந்தது. கார் தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. திரும்பும்போதும் நிற்கவில்லை. நாங்கள் மூவரும் சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருந்தோம். காலையிலிருந்து நின்றதில் எங்களுக்குத்தான் அந்த வசதி அவசரமாகத் தேவைப்பட்டது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கமாகக் கரும்புக்குள் போய் வந்தோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சுவாவிலிருந்து கடிதம் வந்தது. மகாராணி மறுபடியும் வரக்கூடும். வசதி எப்போதும் தயார் நிலையில் இருக்க வேண்டும். அது முடியின் உடைமை, அதாவது மகாராணியின் சொத்து, பொறுப்பாளர் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் பெண்ணாக இருப்பது உசிதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் சோதித்து, படிவம் அனுப்ப வேண்டும். பெரிய கிளார்க் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அலுவலகத்தில் வேறு பெண் இல்லாததால் ஒரு கக்கூஸை என் தலையில் கட்டினார்கள்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் பஸ் ஏறித் தவுவாப் பக்கம் போனேன். பூட்டைத் திறப்பேன். சங்கிலியை ஒரு தரம் இழுப்பேன். கண்ணாடி, துண்டு, சோப்பு, பிரஷ் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பேன். படிவத்தில், பயன்படுத்தியவர் என்ற கட்டத்தில், 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் நான் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீடு திரும்பும்வரை ஒரு கூச்சம் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை போய்விடக் கூடாது என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு கேள்வி வந்தது. பயன்படுத்தியவர் இல்லை என்றால் சோப்பு எப்படிப் பாதியானது? எலி கடித்தது என்று எழுதினேன். எலி உள்ளே வர அனுமதித்தது யார் என்று கேட்டார்கள். எலி அனுமதி கேட்கவில்லை என்று எழுதினேன். பெரிய கிளார்க் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'விசாரணையில் உள்ளது' என்று எழுதச் சொன்னார். எட்டு மாதம் கழித்துப் புதிய சோப்பு ஒன்றை ஒரு அதிகாரி காரில் கொண்டுவந்து என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த எட்டு மாதத்தில் புயல் வந்து எதிர்வீட்டு அக்காவின் கொல்லைத் தகரக் கொட்டகையை அடித்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பற்றி விசாரிக்க யாரும் காரில் வரவில்லை.

மகாராணி மறுபடியும் வரத்தான் வந்தார். எங்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் வசதிக்குப் புதிதாக வர்ணம் அடித்தார்கள். எனக்கு இதற்குள் மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். நான் 'இல்லை' என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி எனக்கு அங்கேதான் கிடைத்தது. சோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் டிரைவர் ஹாரனை அடித்து, கடைசி பஸ் இதுதான், ஏறு என்றார். பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு போய்விட்டார்களாம். ஓடிப்போய் ஏறினேன். அவசரத்தில் பூட்டினேனா இல்லையா என்று அன்றைக்கெல்லாம் எனக்குச் சந்தேகம். நாடு கவிழ்ந்த நாளில் நான் கவலைப்பட்டது ஒரு கக்கூஸ் கதவைப் பற்றி.

அடுத்த முறை போனபோது அந்தப் பஸ் நிற்குமிடத்தில் ராணுவக் காவல் சாவடி வைத்திருந்தார்கள். ஒரு சிப்பாய் என்னிடம் வந்தான். உயரமான ஃபிஜிக்காரன், நல்ல மரியாதை, தன் பாஷையில் வணக்கம் சொல்லித்தான் ஆரம்பித்தான்.

"பூலா, மேடம். இதோட சாவி உங்ககிட்டயா?" என்று ஹிந்தியில் கேட்டான். அவசரம் முகத்தில் தெரிந்தது.

"என்கிட்டதான். ஆனா இது மகாராணிக்கு."

அவன் நிமிர்ந்து நின்றான். கதவைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தான். அவனுடைய அம்மா வீட்டில் மகாராணியின் படம் நடுச்சுவரில் இருக்கிறது என்று சொன்னான். பிறகு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கரும்புக்குள் ஓடினான். மகாராணியின் பேரில் நடந்த அரசாங்கத்தைக் கவிழ்த்தவர்கள் மகாராணியின் கக்கூஸைத் தொடவில்லை. இதைப் புரிந்துகொள்ள நான் நிறைய முயன்றேன், முடியவில்லை.

எங்களைப் போன்ற இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்ற பயத்தில் நடபுவாவில் வீடு வீடாகக் காலியானது. ஞாயிற்றுக்கிழமை நாற்காலியும் பாத்திரமும் வாசலில் விலைக்கு இருக்கும், புதன்கிழமை கதவு பூட்டியிருக்கும், நாய் மட்டும் படியில் படுத்திருக்கும். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பிள்ளைகள் ஒரே மாதத்தில் போனார்கள். ஒருநாள் அவள், நம்ம முறை எப்போது என்று கேட்டாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம், நானும் கணவரும். அவருக்கு ஆக்லாந்தில் ஒரு ரேடியோக் கடையில் வேலை கிடைத்தது. மூவருக்கும் விசா. குறிப்பிட்ட நாளுக்குள் போய் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் விசா செத்துவிடும், மறுபடி கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவரும் மகளும் பள்ளி தொடங்கும் நாளைப் பார்த்து முன்னால் போனார்கள். நான் இரண்டு வாரத்தில் வருவதாகச் சொன்னேன். அரசாங்க வேலைக்காரர் நாட்டை விட்டுப் போக வேண்டுமானால், பொறுப்பு எதுவும் பாக்கியில்லை என்று இலாகா ஒரு கடிதம் தர வேண்டும். மேசை, டைப்ரைட்டர், ரப்பர் முத்திரை எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். பட்டியலில் ஒன்றே ஒன்று மிச்சம்: ஓய்வு வசதி, எண்ணிக்கை ஒன்று.

அந்த வாரம்தான் நாட்டைக் குடியரசு என்று அறிவித்தார்கள். மகாராணி இனி எங்கள் மகாராணி இல்லை. டாலர் நோட்டில் அவர் முகம் அப்படியே இருந்தது, அது வேறு விஷயம். சுவாவிலிருந்து பதில் வந்தது. வசதி முடியின் உடைமை. முடியின் பிரதிநிதி யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால்தான் ஒப்படைத்ததாகும். அப்படி ஒரு பிரதிநிதி இப்போது நாட்டில் இல்லை. ஆகவே மறு உத்தரவு வரும்வரை பொறுப்பாளர் பதவியில் தொடரவும்.

நான் அந்தத் தாளைப் பெரிய கிளார்க்கின் மேசையில் எறிந்தேன். அவர் மேல் நான் கோபப்பட்டது அன்றுதான்.

"ராணியே போய்ட்டாங்க அண்ணே. நான் மட்டும் எதுக்கு இருக்கணும்?"

"கத்தாத. வேற வழி பாப்போம்" என்றார் தமிழில். "பழுதாப் போச்சுன்னு எழுதித் தள்ளிரலாம். பழுதான சாமானுக்குப் பொறுப்பு கெடையாது."

எழுதினோம். அதற்கும் பதில் வந்தது. பத்து வருடப் படிவங்களின்படி வசதியை யாரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாத பொருள் தேய்ந்து பழுதாக வாய்ப்பில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. நான் நாற்பது தடவை எழுதிய 'இல்லை' எல்லாம் வரிசையாக வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்திலிருந்து போன் வரும். முதல் வாரம் மகள் அழுதாள். மூன்றாம் வாரம் முன்பல் ஆடுகிறது என்றாள். ஐந்தாம் வாரம் விழுந்துவிட்டது, இன்னொன்றும் ஆடுகிறது என்றாள். ஏழாம் வாரம் அவள் விளையாடப் போயிருப்பதாகக் கணவர் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். விசாவுக்குப் பதினாறு நாள் இருந்தது.

அந்த வாரம் காலாண்டுச் சோதனை. போகாமல் விட்டிருக்கலாம். பழக்கம், போனேன். அறுவடை முடிந்து மூன்று பக்கமும் கரும்பு வெட்டியிருந்தது. தரை மொட்டையாகக் கிடந்தது. சாவடியில் ஆறேழு சிப்பாய்கள். எதிர்வீட்டு அக்கா வேலியோரம் வந்தார்.

"அம்மா வந்தாச்சா?"

"வர மாட்டாங்க அக்கா. இனிமே வரவே மாட்டாங்க. நானும் போக முடியல." எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு வரைக்கும் சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு மொட்டை நிலத்தைக் கையால் காட்டினார்.

"கரும்பு நிக்கிற வரைக்கும் எங்களுக்கு அதான் மறைவு. வெட்டிப்புட்டா விடியறதுக்கு முன்னால எழுந்து ஓடணும். இப்ப துப்பாக்கி வச்சுக்கிட்டு இவனுங்க நிக்கிறானுங்க. பொம்பளைங்க நாங்க எங்க போறது? எம் மருமக பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல, மாசமா இருக்கா. அவங்க வருவாங்கன்னு கட்டினீங்க, சரி. நாங்க இங்கயேதான இருக்கோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு முகம் எரிந்தது. பத்து வருடமாக அந்தப் பெண்களின் எதிரே நின்று நான் ஒரு கதவைத் திறந்து, பார்த்து, பூட்டியிருக்கிறேன். மகாராணி என்னிடம் பூட்டச் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரிந்திருக்காது. பூட்டியது நான்தான்.

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். "மருமகளைக் கூப்பிடுங்க" என்றேன்.

முதலில் அந்தப் பெண் போனாள். பிறகு அக்கா. பிறகு பஸ்ஸுக்கு நின்றவர்கள், ரோட்டோரம் கிழங்கு விற்கிற ஃபிஜிக்காரப் பெண்கள் இரண்டு பேர், வாய்க்கால் பக்கத்து வீடுகளிலிருந்து செய்தி கேட்டு வந்தவர்கள். கடைசியாக நானும் போனேன். ஆசனம் வசதியாகவே இருந்தது, நல்ல மரம். வெளியே வந்து படிவத்தை எடுத்து, பயன்படுத்தியவர் என்ற கட்டத்தில், 'எல்லாரும்' என்று எழுதி அன்றே தபாலில் போட்டேன்.

நான்காம் நாள் சுவாவிலிருந்து கார் வந்தது. அத்தனை மனுவுக்கும் அசையாத பெரிய அதிகாரி நேரில் வந்துவிட்டார். பெரிய கிளார்க்கும் நானும் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். துண்டு நனைந்து கொடியில் தொங்கியது. சோப்பு கரைந்து வில்லையாகியிருந்தது. படியில் நாலைந்து ஜோடி செருப்பு. மூடியின் கீல் ஒன்று உடைந்திருந்தது. அவர் ஏதோ கோபமாகச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். சுவாவிலிருந்து தவுவாவுக்கு ஐந்து மணி நேர ரோடு.

"இது இப்ப திறந்திருக்கா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"திறந்திருக்கு. வரிசை இருக்கு" என்றார் அக்கா.

அவருக்கு முன்னால் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்கள் அவசரப்படவில்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். கடைசியில் உள்ளே போய் வெளியே வந்தபோது வேறு மனிதராக இருந்தார். பைலை வாங்கி, காரின் முன்மூடியில் வைத்து எழுதினார். வசதி பொதுமக்கள் பயன்பாட்டில் இருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. முடியின் உடைமை என்ற தன்மையை இழந்தது. பொறுப்பாளர் விடுவிக்கப்படுகிறார். நேரில் உறுதி செய்யப்பட்டது என்பதற்கு அடியில் கோடு போட்டார்.

அக்கா பூட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் அதை வாய்க்காலில் போட்டார். சாவி என் பையில் தங்கிவிட்டது, அதை யாரிடம் கொடுப்பது என்று எந்தத் தாளிலும் இல்லை.

பெரிய கிளார்க் நாந்தி விமான நிலையம் வரை வந்தார். அவர் போவதாக இல்லை, பென்ஷனுக்கு நாலு வருடம் இருந்தது. என் பெட்டியைத் தானே தூக்கி வரிசையில் வைத்தார்.

"போய்ட்டு வாம்மா" என்றார். "இனி ஆபீசுல யார்கிட்ட நான் தமிழ் பேசுறது?"

விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆக்லாந்தில் இறங்கினேன். கணவர் கையசைத்தார். மகள் அவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். உயர்ந்திருந்தாள். புதிய கோட்டு, தலைவாரலும் புதிது. நான் மண்டியிட்டுக் கையை நீட்டிய பிறகும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

"ஏன் இவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள்.

"மகாராணிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"வந்தாங்களா?"

"வரல."

"அப்ப நீ ஏன் காத்துக்கிட்டு இருந்த?"

நாற்பது படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது. வாயைத் திற என்றேன். திறந்தாள். முன்னால் இரண்டு பெரிய பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.